மேடேறும் துவிச்சக்கர வண்டி

துவிச்சக்கர வண்டி நம் திருக்கோணமலைக்குப் புதியதோர் ஊர்தியன்று. நொட்டிங்காம் நகரத்து றலி வண்டியும் அதன் இனத்தனவும் இப்பட்டினத்துத் தெருக்களில் நெடுங்காலம் ஓடின. நம் பழைய மாணவருள் மூத்தோர் பலர் கல்லூரி வாயிலுக்குள் முதன்முதல் நுழைந்ததே அத்தகைய வண்டியின் குறுக்குத் தண்டில், தமையனாருக்கு முன்னே அமர்ந்தபடியேயாம். பின்னர் உத்தியோகம் வந்தது. மோட்டார் சைக்கிள் வந்தது. முச்சக்கர வண்டி மூலைக்கு மூலை நின்றது. சைக்கிளோ கோடிப்புறத்துச் சுவரிற் சாய்ந்து, வாழைக்குலை கட்டுதற்கும் கொடிக்கயிறு தாங்குதற்கும் உதவுவதாயிற்று.

அதனை மீண்டும் வெளியே இழுத்தது 2022ஆம் ஆண்டு. அவ்வாண்டு யூன் மாத இறுதியில், அத்தியாவசிய சேவைகளுக்கன்றி ஏனையோருக்கு எரிபொருள் வழங்கப்படாதென அரசாங்கம் அறிவித்தபொழுது, பெற்றோல் நிலையங்களின் முன் நின்ற வரிசைகளை எவரும் மறந்திரார். யாழ்ப்பாணத்தார் 1990ஆம் ஆண்டுகளின் பொருளாதாரத் தடைக்காலத்திற் சைக்கிளையே நம்பி வாழ்ந்த கதையைக் கேட்டிருந்தோம். அந்த அநுபவம் நாடு முழுவதற்கும் ஒருமுறை வாய்த்தது. எரிபொருட் பங்கீடு வந்து வரிசைகள் குறுகியபின், சைக்கிள் எடுத்தவருட் பெரும்பாலார் அதனை மறுபடியும் சுவரிற் சாய்த்தனர். சிலர் விடவில்லை. விடாத அச்சிலருக்கும், வைத்தியர் சொற்கேட்டு ஐம்பதாம் வயதில் மீண்டும் ஊரத் தொடங்குவோருக்குமாக இதனை எழுதுகின்றோம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்தல் நன்று. 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது வீட்டினுள் நிலையாக நிற்கும் உடற்பயிற்சிச் சைக்கிள் வாங்கி மிதித்தோர் நம்மிடையே உளர். அதிற் பெற்ற கால்வலுவும் மூச்சும் உண்மையானவையே. ஆயினும் நிலைவண்டிக்கு மேடில்லை, எதிர்க்காற்றில்லை, பின்னால் வரும் பேருந்தில்லை, விழவும் மாட்டாது. வேண்டியபோது திருகினைத் தளர்த்திப் பாரத்தைக் குறைத்துக் கொள்ளலாம். தெருவிலோ பாரத்தை நிச்சயிப்பது தெருவேயன்றி நாமல்லேம். ஆதலின் வீட்டினுள் ஒருமணி நேரம் களைப்பின்றி மிதித்தவர் ஓர்ஸ் ஹில் ஏற்றத்தின் பாதியில் இறங்கி நின்று மூச்சு வாங்குதலைக் கண்டு வியத்தற்கில்லை.

நம் பட்டினத்தின் கிடக்கையும் இதற்கொரு காரணம். வடக்கே உப்புவெளி, நிலாவெளி என்று கடலோரமாகச் செல்லும் வீதி உள்ளங்கைபோற் சமமானது. ஆனால் துறைமுகத்தைச் சூழ்ந்த நிலம் அப்படிப்பட்டதன்று. ஆழ்ந்த இத்துறையைக் காற்றினின்றும் அலையினின்றும் காத்து நிற்பனவே அதனைச் சுற்றிய பாறைக்குன்றுகள்தாம். ஒஸ்ரன்பேர்க் முனையின் மேடு, ஓர்ஸ் ஹில், கோணேசர் எழுந்தருளியுள்ள சுவாமிமலை ஆகிய எல்லாம் அவ்வேலியின் பகுதிகளே. கப்பலுக்கு நன்மை செய்த குன்று சைக்கிளுக்குத் தொல்லையாகின்றது. அவை நீண்ட மலைகளல்ல. குறுகிய, செங்குத்தான மேடுகள். நீண்ட மென்மையான ஏற்றத்தினும் இத்தகைய குறுமேடே பழைய வண்டிக்கும் பழகாத முழங்காலுக்கும் கடினமானது. ஏனெனிற் சொல்லுதும்.

ஊர்பவர் எடை 65 கிலோ, பழைய உருக்கு வண்டியின் எடை 20 கிலோ, ஆக 85 கிலோ என்க. பாதை நூறு மீற்றர் செல்வதற்குள் எட்டு மீற்றர் எழுகின்றதெனக் கொள்வோம். இச்சாய்விலே பின்னோக்கி இழுக்கும் பாரம் ஏறக்குறைய 6.8 கிலோ, ரயரின் உராய்வையும் சேர்த்தால் ஏழரைக் கிலோ. இது பெரிதன்றே எனத் தோன்றும். ஆனால் இப்பாரத்தை நம் கால் நேரே தூக்குவதில்லை. சாதாரண வண்டியின் முன்பற்சில்லில் 44 பற்கள். பின்னே பிறீவீலில் 18 பற்கள். மிதி ஒருமுறை சுற்றினாற் பின்சில்லு ஏறக்குறைய இரண்டரை முறை சுற்றும். சமதரையில் விரைவு தருவதும், மேட்டில் வதைப்பதும் இதுவே. மிதித்தண்டின் நீளத்தையும் சில்லின் ஆரையையும் சேர்த்துக் கணித்தால், அந்த ஏழரைக் கிலோ மிதியடியிலே சராசரி நாற்பது கிலோவாகப் பெருகி நிற்கும். மிதி உச்சியிலும் அடியிலும் நிற்கும் கணங்களிற் காலால் தள்ள இயலாதாகையால், இடைநிலையில் அறுபது கிலோவுக்கு மேல் அழுத்த வேண்டியிருக்கும். அஃதாவது, ஒவ்வொரு மிதிக்கும் முழு உடலையும் ஒற்றைக் காலில் ஏற்றி நிறுத்துதற்கொப்பாகும். இளைஞன் எழுந்து நின்று மிதித்துச் சென்றுவிடுவான். ஐம்பது கடந்தவரின் முழங்காற் சிரட்டை இதைப் பொறாது.

இவ்விடத்தில் ஓர் அளவைச் சொல்லல் வேண்டும். சைக்கிள் அறிந்தோர் பற்சில்லின் தன்மையை அங்குலத்தால் அளப்பர். சங்கிலியற்ற பழைய உயர்சில்லு வண்டியின் காலத்தில், மிதி முன்சில்லின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருந்தது. சில்லு எவ்வளவு பெரிதோ அவ்வளவு தூரம் ஒரு மிதிக்குச் செல்லலாம். 1885இல் ஸ்ராலி என்பார் சங்கிலி பூட்டிய றோவர் வண்டியை வெளியிட்ட பின்னரும் அந்த அளவுமுறை ஒழியவில்லை. சில்லின் விட்டத்தை முன்பற்களாற் பெருக்கிப் பின்பற்களாற் பிரித்தால், நம் வண்டி எத்தனை அங்குல உயர்சில்லுக்குச் சமம் என்பது புலனாகும். நம் சாதாரண வண்டிக்கு 28ஐ 44ஆற் பெருக்கி 18ஆற் பிரிக்க 68 அங்குலம் வரும். சமதரைக்கு இது பொருத்தமே. மேட்டுக்கு 40க்குச் சமீபமாகவேனும் இறங்க வேண்டும்; உண்மையான மலைக்கு 30க்கும் கீழே.

இங்கு ஒரு தவறான எண்ணத்தை விலக்குதல் தகும். சிறு பற்சில்லால் வேலை குறைவதில்லை. அறுபது கிலோ நெல் மூட்டையை ஒரே தூக்காகப் பரணில் ஏற்றுபவனும், அதனைக் கடகத்தில் நாலு நடையாக ஏற்றுபவனும் செய்யும் வேலை ஒன்றே. ஒருவனுக்கு இடுப்பு முறிகின்றது, மற்றவனுக்கு நேரம் செல்கின்றது, அவ்வளவே வேறுபாடு. மேற்சொன்ன ஏற்றத்தில் மணிக்கு ஆறு கிலோமீற்றர் வேகத்தில் ஏறுவோமாயின், 68 அங்குல வண்டியில் நிமிஷத்துக்குப் பதினெட்டு முறையே மிதி சுற்றும். அவ்வளவு மந்தமாகச் சுற்றும்போது வண்டி தள்ளாடும். சமநிலை பிசகிப் பாதை நடுவே வளைந்து செல்லும். பின்னால் வரும் லொறிக்காரர் நாம் வளைவோமென எதிர்பாரார். ஆகையாற் பற்சில்லு முழங்காலுக்கு மாத்திரமன்றி உயிருக்கும் காப்பாகும்.

இனி வழிகளைக் கூறுவாம். எளியதும் மலிவானதும் பின் பிறீவீலை மாற்றுதல். 18 பல்லுக்குப் பதிலாக 22 பல் கொண்ட பிறீவீலைப் பூட்டினால் 68 அங்குலம் 56 ஆகும். அறுபத்திரண்டு கிலோ அழுத்தம் ஐம்பத்தொன்றாகும். நாற்சந்திச் சைக்கிட் கடையில் அரைமணி வேலை. சங்கிலிக்கு ஓரங்குலத் துண்டு கூடுதலாகச் சேர்க்க நேரும். பழைய சங்கிலி நீண்டிருந்தால் அதனையும் மாற்றுவதே சரி. சங்கிலியின் பன்னிரண்டங்குலத்தை அளவுகோலில் வைத்துப் பார்க்க. அங்குலத்தின் பதினாறிலொரு பங்கு மிகுந்திருந்தால் சங்கிலியை மாற்றுக. எட்டிலொரு பங்கு மிகுந்திருந்தாற் பற்சில்லும் தேய்ந்து போயிருக்கும். தேய்ந்த பல்லிலே புதுச்சங்கிலி நில்லாது. மேட்டில் முழு எடையையும் வைத்து மிதிக்கும் கணத்தில் வழுவும். அவ்வாறு வழுவிக் குறுக்குத் தண்டில் மோதியவர் அதனை ஆயுளில் மறவார்.

இரண்டாவது வழி, சில்லின் குடத்தினுள்ளே பற்கள் அமைந்த மூவேகக் கியர். 1902ஆம் ஆண்டு உரிமைப்பதிவு பெற்ற ஸ்ரேமி ஆச்சர் என்னும் இவ்வமைப்பு ஒரு காலத்தில் றலி வண்டியின் பெருமையாயிருந்தது. அதன் கீழ்க்கியர் நடுக்கியரின் முக்காற்பங்கு; மேற்கியர் அதனினும் மூன்றிலொரு பங்கு கூட. பின்னே 22 பல்லோடு இதனைச் சேர்ப்போமாயின் 42, 56, 75 அங்குலங்கள் கிடைக்கும். மேட்டுக்கு 42, நிலாவெளி வீதிக்கு 56, முதுகில் தள்ளும் காற்றுக்கு 75. நம் மாவட்டத்துக்கு இதனினும் பொருத்தமான அமைப்பு வேறில்லை என்பது எம் துணிபு. நொட்டிங்காம் தொழிற்சாலை 2000ஆம் ஆண்டுடன் மூடப்பட்டுத் தாய்வான் நாட்டுக் கம்பெனி ஒன்றின் கைக்குப் போனபின்னரும் இக்குடங்கள் செய்யப்பட்டே வருகின்றன. ஜப்பானிலிருந்து பழைய வண்டியாக வந்து இங்கு விற்கப்படும் சைக்கிள்களிலும் இதையொத்த மூவேகக் குடங்கள் உள்ளன. அவற்றின் பின்பற்சில்லு ஒரு வளையத்தால் மட்டும் பிடிக்கப்பட்டிருக்கும். அதனைக் கழற்றிச் சில பற்கள் கூடியதைப் போடுதல் எளிது. விற்கப்படும் வடிவில் அவை சமதரைக்கே ஏற்றவை என்பதை வாங்குவோர் உணர்ந்திருத்தல் நலம்.

சங்கிலியைப் பற்சில்லுக்குப் பற்சில்லு தாண்டவைக்கும் கியர் மூன்றாவது வழி. இதன் சரித்திரம் சுவையானது. பிரான்சு நாட்டில் வெலோசியோ என்னும் புனைபெயர் பூண்ட போல் டி விவி என்பார், மலையேறுதற்குப் பல கியர் வேண்டுமென வாழ்நாளெல்லாம் வாதித்தார். பிரான்சுச் சுற்றுப் பந்தயத்தை 1903இல் தொடக்கிய டிகிராஞ்சோ, கியர் என்பது தளர்ந்தோருக்கே உரியதென்னும் கொள்கையினர். 1937ஆம் ஆண்டில்தான் அப்பந்தயத்தில் அக்கியர் அனுமதிக்கப்பட்டது. அதற்குமுன் அல்ப்ஸ், பிரனீஸ் மலைகளின் அடிவாரத்தில் வீரர்கள் இறங்கிப் பின்சில்லைக் கழற்றித் திருப்பி மாட்டிவிட்டு ஏறினார்கள். உலகத்துப் பெருவீரருக்கே வேண்டிய வசதியை நாம் கேட்பதற்கு நாணுவானேன்? இன்னும் நம்மூரிற் சிலர், மேட்டில் இறங்கித் தள்ளுவதினும் கியர் போடுவதை இழிவாக எண்ணுகின்றனர். அவ்வெண்ணத்தை டிகிராஞ்சோடு அடக்கம் செய்துவிடலாம்.

ஆனால் பழைய உருக்கு வண்டியின் பின்கவடு ஒடுக்கமானது. இக்காலத்துப் பலபற் சில்லு அதற்குள் நுழையாது. கவட்டை வளைத்து விரிக்கும் கைவேலையை நாம் விரும்புவதில்லை. ஆகவே இவ்வழியை நாடுவோர், முன்னே மூன்று பற்சில்லும் பின்னே ஆறேழு பற்சில்லும் உடைய, 26 அங்குலச் சில்லுள்ள மலைச்சைக்கிளையே வாங்குதல் தகும். அதன் மிகச்சிறு முன்பற்சில்லில் 28 பல்லும், மிகப்பெரிய பின்பற்சில்லில் 28 பல்லும் இருப்பின் 26 அங்குலம் கிடைக்கும். நாம் எடுத்துக்கொண்ட ஏற்றத்தில் அறுபத்திரண்டு கிலோ அழுத்தம் இருபத்துமூன்றாகும். மிதி நிமிஷத்துக்கு நாற்பத்தெட்டுத் தடவை சீராகச் சுழலும். அவ்வண்டியோடு வரும் முள்முள்ளான தடித்த ரயரை மாத்திரம் மாற்றி, வழுவழுப்பான ரயர் போட்டுக்கொள்க. தார்வீதியில் அம்முட்கள் இரைச்சலையும் களைப்பையுமன்றி வேறொன்றும் தாரா.

வியாபாரிகள் முதலில் எடுத்து வைப்பது பற்சில்லையன்று. எடை குறைந்த வண்டியை. ஒரு விரலால் தூக்கிக் காட்டுவர். கண்ணுக்கு இனியதுதான். கணக்கோ வேறு. வண்டியில் இரண்டு கிலோ குறைந்தால் 85 கிலோ 83 ஆகும். மேட்டில் அறுபத்திரண்டு கிலோ அழுத்தம் அறுபதரையாகும். சிறு செலவில் மாற்றிய பிறீவீல் தந்த பயனோடு இதனை ஒப்பிடுக. பல்லாயிரம் ரூபாவை இலேசான உலோகத்திற் சொரிவதற்கு முன், நம் வயிற்றிலேயே அந்த இரண்டு கிலோ இருக்கின்றதா எனப் பார்த்துக்கொள்ளலாம்.

ஏறியவர் இறங்கவும் வேண்டும். மேட்டுக்காக வண்டியைத் திருத்துவோர் பிறேக்கை மறப்பது வழக்கம். உயிர்ச்சேதம் நேர்வது ஏற்றத்திலன்று, இறக்கத்தில். 85 கிலோப் பாரம் நூறு மீற்றர் உயரத்தினின்று இறங்கும்போது, அதன் சத்தி முழுவதையும் பிறேக்கே வாங்குமாயின், பிறக்கும் வெப்பம் கால் லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். ஒரு கோப்பைத் தேநீருக்குரிய அவ்வெப்பம் முழுதும் விரற்கடை அளவான இறப்பர்த் துண்டுகளிலும் சில்லின் விளிம்பிலும் ஏறுகின்றது. பழைய கம்பிப் பிறேக்கின் இறப்பர் ஆண்டுக்கணக்கிற் கிடந்து கல்லாய்ப் போயிருக்கும். அதனை நகத்தாற் கீறிப் பார்த்தாலே தெரியும். மழை நனைத்த உருக்கு விளிம்பில் பிறேக்கின் பிடிப்பு மிகமிகக் குறைந்துவிடும். ஐப்பசி தொடக்கம் தை வரை வாடைமழை பொழியும் நம் மாவட்டத்தில் இது சிறு விஷயமன்று. அக்காலத்தில் இறக்கத்துக்கு முன்னரே பிறேக்கை மெல்ல அழுத்தி விளிம்பின் ஈரத்தைத் துடைத்துக்கொள்க. அலுமினிய விளிம்பு மழையில் நன்றாய்ப் பிடிக்கும். எனினும் கம்பிப் பிறேக் வண்டியின் விளிம்பு வளைவானதாகையால், பக்கத்தே பிடிக்கும் பிறேக் அதிற் பொருந்தாது. அவ்வண்டிக்குக் குடத்தினுள்ளே பிடிக்கும் பிறேக்கே தக்கது. எவ்வகைப் பிறேக்காயினும் வளைவுக்கு முன் வேகத்தைக் குறைக்க, வளைவினுள்ளே அழுத்தற்க.

இனி உடம்பு. நாற்பது கடந்தோரும், நீரிழிவோ இரத்த அழுத்தமோ உடையோரும் மேடேறத் தொடங்குமுன் வைத்தியரைக் காணல் வேண்டும். இது சம்பிரதாயத்துக்குச் சொல்லும் வார்த்தையன்று. பல ஆண்டு ஓய்ந்திருந்த இருதயத்தை ஒரு காலையிலே மேட்டில் முடுக்குவது அபாயம். ஏறும்போது பக்கத்தில் வருபவரோடு ஓரிரு வாக்கியம் பேச முடிதல் வேண்டும். முடியாவிடின் வேகம் மிகுதி. நெஞ்சில் இறுக்கமோ, இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் நோவோ, காரணமற்ற வியர்வையோ தோன்றினால் அக்கணமே இறங்கி உட்கார்ந்து, வேறொருவர் வாகனத்தில் ஆஸ்பத்திரிக்குச் செல்க. சற்று ஆறியபின் ஊர்ந்தே வீடு போகலாமென எண்ணற்க. நீரிழிவுக்கு ஊசியோ குளிசையோ எடுப்போர் சட்டைப்பையில் இரண்டு இனிப்பு வைத்திருப்பாராக. ஆசனம் தாழ்ந்திருந்தால் முழங்கால் நோவும். மிதி அடியில் நிற்கும்போது குதிக்கால் மிதியிற் பட, கால் நேராக நீளும் உயரமே சரியான உயரம்.

பழகும் வழியைப் பற்றிச் சில சொற்கள். முதற் சில வாரம் உப்புவெளி வீதியோடு நிற்றல் நன்று. வெயிலுக்கு முன் போய் வெயிலேறுமுன் திரும்பிவிடலாம். பின்னர் நிலாவெளி. அதன்பின் அநுராதபுர வீதியிற் கன்னியாய் வெந்நீரூற்று வரை. அவ்வழியில் மென்மையான ஏற்ற இறக்கங்கள் உள. குடாவைச் சுற்றி சீனன்குடா வழியே கிண்ணியாவுக்குச் செல்வோர், 2009இல் திறக்கப்பட்ட 396 மீற்றர் நீளப் பாலத்தில் வேறொரு மேட்டைக் காண்பர். நிலம் சமமே, ஆனால் வைகாசி முதல் ஆவணி வரை வீசும் தென்மேற்குக் காற்று நேரே முகத்தில் மோதும். மணிக்கு 20 கிலோமீற்றர் காற்றை எதிர்த்து 15 கிலோமீற்றர் வேகத்தில் ஊர்வது, நூற்றுக்கு மூன்றரை எழும் சாய்வில் ஏறுவதற்குச் சமம். ஆகவே மேட்டுக்கென்று வாங்கிய கியர் பாலத்திலும் உதவும். அங்கு பெருமைக்காகப் பெரிய பற்சில்லிலே மிதிப்பவர் திரும்பி வரும்போது பேசாமல் வருவார்.

இவ்வளவும் ஆனபின் ஓர்ஸ் ஹில்லை முயல்க. மேடு தொடங்குமுன்பே கியரை இறக்கிவிடுதல் வேண்டும். குடக்கியராயின் ஒரு கணம் மிதிப்பதை நிறுத்தி மாற்றுக, சங்கிலிக் கியராயின் மெல்ல மிதித்துக்கொண்டே மாற்றுக. பாதிமேட்டில், பாரம் முழுதும் சங்கிலியில் நிற்கையில் மாற்றினால் இரண்டும் முரண்டு பிடிக்கும். நுவரெலியாவுக்கு, அதாவது 1,868 மீற்றர் உயரத்துக்கு, கண்டியிலிருந்து றம்பொடை வழியாகச் சைக்கிளில் ஏறும் ஆசை சில பழைய மாணவருக்கு உண்டென அறிவோம். அதற்கு 26 அங்குலமும் சிலருக்குப் பற்றாது. முன்பல்லினும் பின்பல் பெரிதாயிருத்தல் வேண்டும். ஒரு நாளில் முடிக்கும் அவசரமும் கூடாது.

சுவாமிமலையைக் கடைசியில் வைத்தோம். கோட்டை வாசலினின்று கோயில் வரை ஏறும் பாதை குறுகியது. படையினர் அங்கு இருக்கின்றனர். அடியாரும் உல்லாசப் பயணிகளும் நடந்து வருகின்றனர். காலை ஆறு மணியளவில் ஏறினால் கடற்காற்றும் நிழலும் கிடைக்கும். விழாநாளிலும் வெள்ளிக்கிழமை மாலையிலும் வண்டியைக் கோட்டை வாசலுக்கு வெளியே விட்டு நடப்பதே மரியாதை. இறங்கும்போது கடைகளுக்கு முன்னே வேகத்தை முற்றாகத் தணித்துக்கொள்க. பாதையோரத்திற் படுத்திருக்கும் புள்ளிமான்கள் திடீரென எழுந்து குறுக்கே நடக்கும், மணியடித்துப் பயனில்லை. அவை போகும்வரை ஒரு காலை ஊன்றி நிற்க வேண்டியதுதான்.